அவள் லீவரைத் தொடவில்லை

ப்ரெக்கி எறிந்த தீவன வாளி மேவிஸின் காலருகே விழுந்து, உருண்டு, பனியில் புதைந்து நின்றது.

"இன்னொரு அடி வச்சே, அடுத்தது தலைக்குத்தான்," என்றார் அவர்.

"குறி கொஞ்சம் இடதுபக்கம் போகுது," என்றான் லெஸ்டர். "தோளைத் தளர்த்திட்டு எறிஞ்சு பாருங்க."

மேவிஸ் திரும்பிப் பார்த்தாள். லெஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

மேவிஸ் க்ராம் வயோமிங் மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் மாடுகளின் சூட்டு முத்திரைகளைப் பரிசோதிக்கும் அரசாங்க வேலையில் இருந்தவள். திருட்டு மாட்டை அதன் தொடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வேலையை விட்ட பிறகு தனியாகத் துப்பறிந்துகொண்டிருந்தாள். லெஸ்டர், ரோடியோ என்கிற காளைச் சவாரிப் போட்டிகளில் கோமாளி. கீழே விழுந்தவனைக் காளை குத்த வரும்போது குறுக்கே ஓடி அதற்குக் கோபமூட்டுவது அவன் தொழில். ஒரு காளை அவன் இடுப்பை உடைத்த பிறகு மேவிஸிடம் வந்து சேர்ந்தான். வேலை ஏறக்குறைய அதேதான்.

"ரொவீனாவோட வக்கீல் என்னை வச்சிருக்கார், ப்ரெக்கி," என்றாள் மேவிஸ். "நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிடுறேன்."

"கொலைகாரிக்கு வக்கீல். வக்கீலுக்கு நீ. உனக்கு ஒரு கோமாளி." ப்ரெக்கியின் தாடி நடுங்கியது. "ஆன்செலுக்கு யாரு இருக்கா?"

ப்ரெக்கி, வேட்டைக்கு வருகிறவர்களைக் கோவேறு கழுதைகளோடு மலைக்கு அழைத்துப் போகிறவர். ஆன்செல் அவருடைய முகாம் சமையல்காரர். இளவயதிலிருந்து கூடவே இருந்த நண்பர். போன வாரம் கழுதைகளை டிரெய்லரில் ஏற்றி, கணவாய் வழியாகக் கீழே மேய்ச்சலுக்கு அனுப்பினார் ப்ரெக்கி. வண்டியை ஓட்டியது அவரிடம் வேலை செய்த ரொவீனா டெஸ்கி என்ற பெண். துணைக்கு ஆன்செல் ஏறிக்கொண்டார். இறக்கத்தில் டிரெய்லர் குறுக்கே சறுக்கி, தன்னை இழுத்துச் சென்ற பிக்கப் வண்டியையும் சேர்த்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. ஆன்செல் அந்த இடத்திலேயே இறந்துபோனார். ரொவீனா கால் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திங்கட்கிழமை கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதாக அவள்மேல் போட்ட வழக்கு விசாரணைக்கு வருகிறது. சிறை நிச்சயம் என்று ஊரே பேசியது.

"என்ன நடந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" என்றாள் மேவிஸ்.

"நினைக்க என்ன இருக்கு? டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கிட்டு இழுத்துட்டுப் போன தடம் ஐஸ்ல அப்படியே இருந்துச்சு. பயந்துபோய், டிரெய்லர் பிரேக் பெட்டியில இருக்கிற கைலீவரை ஒரே தள்ளாத் தள்ளியிருக்கா. டிரெய்லர் பிரேக் மட்டும் முழுசாப் பிடிச்சிருச்சு."

"பெட்டியில கோளாறு இருந்திருந்தா?"

ப்ரெக்கி இரண்டே எட்டில் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"எந்தப் பெட்டி? பிரேக் கண்ட்ரோலர்தானே? குளிர்காலக் கணவாய்ல மலிவுப் பெட்டியோட ஓட்ட மாட்டேன், சென்சார் வச்சதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது அவ. நானே போய் அவ சொன்னதையே வாங்கிட்டு வந்தேன். அட்டையைக்கூடப் பிரிக்கலை. அப்படியே மாட்டக் குடுத்தேன். அன்னிக்குக் காலைல அவ பின்னாடி கழுதைகளை ஏத்திட்டு இருந்தா. நானே வண்டியில ஏறி உக்காந்து, பிரேக்கை மிதிச்சுப் பாத்தேன். பெட்டியோட திரையில எண் கடகடன்னு ஏறுச்சு. நல்லா இருக்குன்னு இறங்கினேன். என் கண்ணால பாத்தேன், மேவிஸ். பெட்டியைக் குறை சொல்லாதே."

"இதே முற்றத்துலயா? வண்டி நின்னுட்டு இருக்கும்போதா?"

"ஓடுற வண்டியில எப்படி ஏறுவேன்? நின்ன இடத்துலதான்."

மேவிஸின் முகத்தில் எதுவும் மாறவில்லை. தொப்பியைத் தொட்டு விடைபெற்றாள். அடுத்த வாளி காரின் பின்பக்கத்தில் மோதியது.

"இப்ப குறி சரி," என்றான் லெஸ்டர்.

கார் சாலைக்கு வந்ததும் மேவிஸ் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் குத்தினாள். அவள் கோபப்பட்டால் சத்தம் வராது. கைதான் வலிக்கும்.

"நீ டிரெய்லர் இழுத்திருக்கே. அவர் சொன்னதுல என்ன தப்பு?"

"நான் இழுத்ததெல்லாம் காளைங்க வந்த டிரெய்லர். அதுங்க இறங்குறதைத்தான் கவனிப்பேன்."

"கண்ட்ரோலர் ரெண்டு வகை. மலிவுல வர்றது டைமர் பெட்டி. நீ பிரேக்கைத் தொட்டா, நொடி கழிச்சு, முன்னாடியே வச்ச அளவுக்கு டிரெய்லரைப் பிடிக்கும். லேசாத் தொட்டாலும் அதே பிடி, ஏறி மிதிச்சாலும் அதே பிடி."

"என் பழைய ரோடியோ முதலாளி மாதிரி. சின்னத் தப்போ பெரிய தப்போ, ஒரே திட்டு."

"இன்னொண்ணு சென்சார் பெட்டி. முன்வண்டி எவ்வளவு வேகமா நிக்கப் பாக்குதுன்னு உணரும். அந்த அளவுக்குத்தான் டிரெய்லரையும் பிடிக்கும். லேசுன்னா லேசு. பனியில இறங்கணும்னா அதுதான் வேணும். இப்ப சொல்லு, நிக்கிற வண்டியில உக்காந்து மிதிச்சா சென்சார் என்ன உணரும்?"

லெஸ்டர் யோசித்தான். "நிக்கிற வண்டி எங்க நிக்கப் பாக்குது, ஏற்கனவே நின்னாச்சே."

"அதேதான். பேருக்கு ஒரு சின்ன எண்ணைக் காட்டிட்டுச் சும்மா கிடக்கும். கடகடன்னு ஏறினா அது டைமர் பெட்டி."

"அப்ப கிழவன் பொய் சொல்றான். மலிவானதை மாட்டிட்டு, ஆள் செத்த பிறகு நல்லதை வச்சுட்டான். வண்டியத் திருப்புங்க. அந்த வாளியைத் திருப்பிக் குடுத்துட்டு வரலாம்."

"முதல்ல வண்டியைப் பாக்கலாம்."

நொறுங்கிய பிக்கப் ஊருக்கு வெளியே, பழைய இரும்பு சேரும் யார்டில் கிடந்தது. மேவிஸ் உடைந்த ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். டாஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுபவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. சென்சார் பெட்டிதான். ப்ரெக்கி வாங்கியதாகச் சொன்ன அதே ரகம். ஆனால் அதைப் பிடித்திருந்த தாங்கி கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரு பக்கம் சரிந்தும் இருந்தது.

"அடி பட்டதுல வளைஞ்சிருக்குமோ?" என்றான் லெஸ்டர்.

"அந்தப் பக்கம் பிளாஸ்டிக்ல ஒரு கீறல்கூட இல்லை. முழங்கால் இடிக்காம இருக்கட்டும்னு யாரோ அப்படியே மாட்டியிருக்காங்க." மேவிஸ் தலையை வெளியே எடுத்தாள். "டைமர் பெட்டியைத் தலைகீழா மாட்டினாலும் அது கவலைப்படாது. சென்சார் பெட்டி நேரா முன்னாடி பாத்து, மட்டமா உக்காரணும். இப்படிக் கதவைப் பாத்து உக்காந்தா, வண்டி நிக்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது. டிரெய்லரைப் பிடிக்கவே பிடிக்காது. அப்புறம் சக்கரத்தை எங்க பூட்டும்?"

"ஆனா போலீஸ்காரர் சோதிச்சாரே. பெட்டி நல்லா வேலை செய்யுதுன்னு எழுதியிருக்காரே."

"லீவரைத் தள்ளிப் பாத்திருப்பார். லீவரைத் தள்ளினா எந்தப் பெட்டியும் வேலை செய்யும்." குரல் தாழ்ந்து கடினமானது. "அவ ஓட்டும்போது இங்க இருந்தது வேற பெட்டி. லேசாத் தொட்டதுக்கு முழு அளவு பிடிச்சு, ஐஸ்ல சக்கரத்தைப் பூட்டிடுச்சு. அப்புறம் யாரோ இங்க வந்து மாத்தியிருக்காங்க. ஒரு ஆள் செத்துக் கிடக்கான், ஒரு பொண்ணு கால் உடைஞ்சு கிடக்கா. இவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வந்திருக்கான்."

யார்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டார்கள். போலீஸைத் தவிர வண்டியிடம் வந்தது இரண்டே பேர் என்றாள் அவள். ப்ரெக்கி சேணங்களை எடுத்துப் போக வந்தார். டெல்வின், ரொவீனாவின் கோட்டையும் பையையும் எடுத்துப் போக வந்தான்.

டெல்வின் ப்ரெக்கியிடம் மெக்கானிக். ரொவீனாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

"ஒருத்தன் காதலன், ஒருத்தன் வாளி எறியிறவன்," என்றான் லெஸ்டர். "தாயே, நான் வாளியத்தான் சொல்றேன்."

மேவிஸ் காரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள்.

ஆஸ்பத்திரி அறையில் ரொவீனாவின் கால் கம்பிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. டெல்வின் அவளுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தான். மேவிஸைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டான்.

"உக்காருங்க மேடம். ஏதாவது தெரிஞ்சுதா?"

"கொஞ்சம். ரொவீனா, இன்னொரு தடவை சொல்லும்மா. எப்படி நடந்துச்சு?"

"எத்தனை தடவை சொல்றது? யாரு நம்புறாங்க?" ரொவீனா சூப்பைத் தள்ளினாள். "வளைவுக்கு முன்னாடி ஒரு மான் வந்துச்சு. லேசா, முட்டைய மிதிக்கிற மாதிரி, பிரேக்கைத் தொட்டேன். பின்னாடி யாரோ சக்கரத்துக்குள்ள கட்டையச் செருகின மாதிரி பிடிச்சிருச்சு. ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு. லீவரை நான் தொடலை. தொடலை. இதைச் சுவத்துல எழுதி ஒட்டட்டுமா?"

"ப்ரெக்கிதான் மேடம்," என்றான் டெல்வின். அவன் கன்னங்கள் சிவந்திருந்தன. "அந்தாளு ஏதோ பண்ணியிருக்கான். ஆன்செல் போனதுக்கு யார்மேலயாவது பழி போடணும் அவனுக்கு. நீங்க விடாதீங்க."

"விட மாட்டேன்," என்றாள் மேவிஸ். "கிளம்புறதுக்கு முன்னாடி பெட்டியைப் பாத்தியா ரொவீனா?"

"எந்தப் பெட்டி?"

"கண்ட்ரோலர். நீ கேட்ட பெட்டிதானான்னு பாத்தியா?"

ரொவீனா அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"டெல்வின் மாட்டினது," என்றாள். "நான் எதுக்குப் பாக்கணும்?"

டெல்வின் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான். நிதானமாக, சத்தம் வராமல். குதிரைப் போட்டிக்கு நேரமாகிறது, குதிரை கீழே டிரெய்லரில் நிற்கிறது, பனிக்கு முன்னால் கணவாயைத் தாண்ட வேண்டும் என்றான். ரொவீனாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

மேவிஸ் நடைக்கு வந்ததும் லெஸ்டர் அவளை மறித்தான்.

"உங்க முகம் எனக்குப் பிடிக்கலை. ப்ரெக்கின்னு முடிவாச்சே?"

"யோசிச்சுப் பாரு. பெட்டியை மாத்தினது ப்ரெக்கின்னா, ரெண்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். தெரிஞ்சவர், நின்ன வண்டியில எண் ஏறுச்சுன்னு என்கிட்ட மார்தட்டிச் சொல்வாரா? அவர் பாத்ததைத்தான் சொன்னார். அவருக்கு எல்லாப் பெட்டியும் பெட்டிதான். அட்டையைப் பிரிக்காம யார்கிட்டயோ குடுத்திருக்கார்."

லெஸ்டர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

"நீ போய் டெல்வினோட டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்துல நில்லு," என்றாள் மேவிஸ்.

கீழே காற்று முகத்தை அறுத்தது. டெல்வினின் பிக்கப் புகை விட்டுக்கொண்டு நின்றது. பின்னால் ஒற்றைக் குதிரை டிரெய்லர். மேவிஸ் கண்ணாடியைத் தட்டினாள். குளிருதே, உள்ளே உட்காருங்கள் என்று அவனே கதவைத் திறந்துவிட்டான். மரியாதை தெரிந்த பையன்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். டாஷ்போர்டின் கீழே, நடுவில், பெட்டி இருந்தது. தாங்கி நேராக முன்னால் பார்த்திருந்தது. ஒரு பக்கத்தில் மெல்லிய மரச்சீவல்கள் இரண்டைச் செருகி, ஒரு மயிரிழை சாய்வில்லாமல் பொருத்தப்பட்டிருந்தது.

"சுத்தமான வேலை," என்றாள் மேவிஸ். "நீயே மாட்டினதா?"

"ஆமா மேடம்." அவன் முகம் மலர்ந்தது. வேலையைப் பாராட்டினால் மலர்கிற முகம் அது. "ரசமட்டம் வச்சுப் பாத்து மாட்டினேன். கொஞ்சம் சாஞ்சாலும் ஒழுங்கா..."

நிறுத்திக்கொண்டான்.

"ஒழுங்கா உணராது. அதானே?" மேவிஸ் பெட்டியின் பக்கம் தலையை ஆட்டினாள். "ஆனா அது டைமர் பெட்டி, டெல்வின். அதுக்கு எதுக்கு மட்டம்?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"பிரேக்கை மிதி."

"மேடம், நேரமாச்சு..."

"மிதி."

அவன் மிதித்தான். நின்ற வண்டியில், சின்னத் திரையில் எண் கடகடவென்று ஏறியது. பின்னாலிருந்து லெஸ்டரின் குரல் வந்தது: "சக்கரத்துல பிரேக் உறுமுது தாயே. நல்லாவே உறுமுது."

"அங்க யார்டுல நல்ல பெட்டி கோணலாக் கிடக்கு," என்றாள் மேவிஸ். "இங்க மலிவுப் பெட்டி மட்டமா உக்காந்திருக்கு. ஒவ்வொண்ணும் இன்னொண்ணோட கட்டில்ல படுத்திருக்கு. அவ கோட்டை எடுக்கப் போனப்ப மாத்தினியா?"

டெல்வின் ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.

"நானும் அதே கணவாய்லதான் போறேன்," என்றான். குரலில் அழுகை இல்லை, எரிச்சல் இருந்தது. "என் குதிரை மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துல இன்னொண்ணு கிடையாது. ப்ரெக்கி கழுதைக்கு எது மாட்டினா என்ன? போட்டி சீசன் முடிஞ்சதும் திருப்பி மாட்டிடலாம்னு இருந்தேன்."

"கழுதையை ரொவீனா ஓட்டிட்டுப் போனா."

"அவ என்னைவிட நல்லா ஓட்டுவா மேடம். எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு எந்தப் பெட்டியும் போதும்னு நினைச்சேன்."

மேவிஸ் கையை ஓங்கவில்லை. ஓங்கிவிடுவோமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"அவ ஜெயிலுக்குப் போறதையும் அப்படித்தான் நினைச்சியா? சூப் ஊட்டிக்கிட்டே?"

லெஸ்டர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து கையை விட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டான்.

"குறுக்கே ஓடி நிறுத்துறதுதான் என் தொழில்," என்றான். அவன் சிரிக்கவில்லை.

ஷெரிஃபின் துணை அதிகாரி வந்து இரண்டு பெட்டிகளையும் படம் எடுத்தார். ப்ரெக்கிக்கு மேவிஸ் போன் செய்தாள். நின்ற வண்டியில் எண் ஏறியதை ஷெரிஃப் முன்னால் அப்படியே சொல்ல வேண்டும் என்று கேட்டு, ஏன் என்பதையும் சொன்னாள்.

"சவப்பெட்டியைத் தூக்கினப்ப," என்றார் ப்ரெக்கி, "டெல்வின் எனக்கு முன்னாடி நின்னு தோள் குடுத்தான்."

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ரொவீனாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள் மேவிஸ். ரொவீனா அழவில்லை. போர்வையின் ஓரத்தை இரண்டு கைகளாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள், எதையோ பிழிவதுபோல.

ப்ரெக்கி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"உன்னைக் கொலைகாரின்னு சொன்னேன்."

"சொன்னீங்க. தீவனக் கடையில சொன்னீங்க, சர்ச்சுல சொன்னீங்க, ஊர் முழுக்கச் சொன்னீங்க," என்றாள் ரொவீனா. "திங்கக்கிழமை அதே சத்தத்துல உண்மையைச் சொல்லுங்க. அது போதும். மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம்."

"சொல்றேன்."

"அவனைக் கூப்பிடுங்க."

துணை அதிகாரி டெல்வினை வாசல்வரை கொண்டுவந்தார். அவன் உள்ளே வர ஒரு கால் எடுத்து வைத்தான். ரொவீனாவின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"நான் யோசிக்கலை ரொவீனா. சத்தியமா யோசிக்கலை."

"யோசிச்சே. ரசமட்டம் வச்சுப் பாத்து யோசிச்சிருக்கே. ரெண்டுல எது நல்லதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சு குதிரைக்கு ஒண்ணு எடுத்தே, எனக்கு ஒண்ணு எடுத்தே."

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"டிரெய்லர் தள்ள ஆரம்பிச்சப்ப ஆன்செல் என் தோளைப் பிடிச்சாரு," என்றாள் அவள். முதல்முறையாகக் குரல் உடைந்தது. அதை அவளே ஆத்திரத்தோடு விழுங்கினாள். "நீ சரியாத்தான் ஓட்டுறே பொண்ணேன்னாரு. என்னை நம்பினது அவர் ஒருத்தர்தான். அவரைத்தான் நீ கொன்னே. கொன்னுட்டு வந்து எனக்கு சூப் ஊட்டினே."

துணை அதிகாரி அவனைத் திருப்பி அழைத்துப் போனார். படிகளில் காலடிகள் இறங்கின. கீழே குதிரை டிரெய்லரின் சுவரை உதைக்கும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

ரொவீனா கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் குதிரை குளிர்ல நிக்குது ப்ரெக்கி. அது ஒண்ணும் அந்தப் பெட்டியைக் கேக்கலை. உங்க கொட்டகையில கொண்டுபோய்க் கட்டுங்க."

ப்ரெக்கி தலையசைத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"டிரெய்லரை உங்க வண்டியில மாட்டி இழுங்க," என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி. "அவன் வண்டியில இருக்கிற பெட்டி எப்படிப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்."